பேசி முடித்த பக்கம்

நாலரை மணிக்குப் பட்டியலில் ஒரே ஒரு வரி மட்டும் போகாமல் நின்றது.

காலையிலிருந்து அந்தப் பட்டியல் ஒழுங்காகத்தான் தேய்ந்துகொண்டு வந்தது. ஆயிரத்துச் சொச்சம் வரிகள். ஒவ்வொரு வரியும் எங்கோ ஒரு வீட்டில், தனியாக இருக்கும் யாரோ ஒருவரின் கட்டிலுக்குப் பக்கத்தில் வைத்திருக்கும் சின்னப் பெட்டியின் இணைப்பு. உடம்புக்கு முடியாமல் போனால் அதன் பொத்தானை அழுத்திப் பேச வேண்டும், கம்பெனி கேட்டு ஆள் அனுப்பும். புதுக் கட்டடத்தில் புது சர்வர் வந்துவிட்டது. பெட்டிகள் ஒவ்வொன்றாக அங்கே மாறிக்கொள்ள, இங்கே வரிகள் ஒவ்வொன்றாக மறைந்தன. கடைசி வரியும் போனதும் இந்தப் பழைய சர்வரை அணைத்துவிட்டு வீட்டுக்குப் போக வேண்டியதுதான். ஒரு ஞாயிற்றுக்கிழமையைத் தொலைத்து அவள் செய்ய வந்த வேலை அவ்வளவுதான்.

வீட்டில் அவளுக்குப் பெரியவள் என்று பெயர். பெண்கள் இரண்டு பேர், பெரியவள், சின்னவள். சின்னவள் போய்ச் சேர்ந்து எட்டு மாதமாகியும் அம்மா இவளைப் பெரியவள் என்றே கூப்பிடுகிறாள். ஒருத்திதான் மிச்சம் என்று ஆன பிறகு பெரியவள் என்ன, சின்னவள் என்ன!

மற்ற அறைகளை எல்லாம் காலி செய்து எடுத்துப் போய்விட்டார்கள். சர்வர் அறையில் ஒரு மேசை, ஒரு நாற்காலி, ஒரு திரை, ஆளுயர இரும்பு அலமாரிக்குள் இரைந்துகொண்டிருக்கும் சர்வர், அதைக் குளிரவைக்கப் படாத பாடு படும் பழைய ஏசி. அட்டைப்பெட்டி வாசனையும் பசை நாடா வாசனையும் சூடேறிய பிளாஸ்டிக் வாசனையும் கலந்து, யாரோ அவசரமாகக் குடிபெயர்ந்த வீட்டின் நெடி அடித்தது. அந்த அறைக்கு ஜன்னல் கிடையாது. வெளியே வெயிலா மழையா என்பது உள்ளே இருப்பவருக்குத் தெரியாது.

நாலு மணிக்கு டீ கொண்டுவந்து வைத்த செக்யூரிட்டி கையிலிருந்த சாவிக்கொத்தை ஆட்டிக்காட்டிவிட்டுப் போயிருந்தார்.

"ஆறு மணிக்கு மெயின் சுவிட்ச எறக்கிட்டு ஷட்டர இழுத்துடுவேன் மேடம். இன்னைக்கோட இந்த மாடிக்கும் எனக்கும் உறவு முடிஞ்சுது. நீங்க உள்ள இருந்தா ஒரு குரல் குடுங்க. இல்லேன்னா வெச்சுப் பூட்டிட்டுப் போயிடுவேன், அப்புறம் நாளைக்குப் பேப்பர்லதான் வருவீங்க."

"ஒரு குரல் என்ன அண்ணா, ஊருக்கே கேக்கற மாதிரி கத்தறேன்," என்று சிரித்திருந்தாள்.

இப்போது சிரிப்பு வரவில்லை. மிஞ்சிய வரியின் எண் நாற்பத்தேழு. நாற்பத்தேழாம் பெட்டி அவளுடைய கைப்பையில், வயர் சுற்றியபடி, மேசைக்குக் கீழே கிடந்தது. பழைய பெட்டிகளோடு சேர்த்துக் கழித்துக்கட்ட அவளே இன்று காலை வீட்டு அலமாரியிலிருந்து எடுத்து வந்தது. எட்டு மாதமாக அதற்கு மின்சாரம் இல்லை. சின்னவளின் பெட்டி அது.

எண் குழம்பியிருக்கும், பழைய கணக்கு எங்காவது ஒட்டிக்கொண்டிருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு வரியை முழுதாகப் படித்தாள். நிலை என்ற இடத்தில் 'பாதி மூடியது' என்றிருந்தது. இந்தக் கட்டடத்தில் அந்த இரண்டு சொல்லுக்கும் முழு அர்த்தம் தெரிந்த ஆள் அவள் ஒருத்திதான்.

எந்த இணைப்புக்கும் போக ஒரு வழி, வர ஒரு வழி என்று இரண்டு உண்டு. சி என்ற கணினி மொழியில் அவற்றில் ஒன்றை மட்டும் மூட ஒரே ஒரு வரி போதும். ஷட்டவுன் என்று எழுதி, பக்கத்தில் ஒன்று என்ற எண்ணைப் போட்டால், 'நான் பேசி முடித்துவிட்டேன், நீ சொல்வதைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன்' என்று பொருள். தொலைபேசியில் பேசும் பக்கத்தைக் கையால் பொத்திக்கொண்டு கேட்டுக்கொண்டே இருப்பதுபோல. ஒரே வித்தியாசம், இங்கே பொத்திய கையை எடுக்க முடியாது. மூடிய பக்கத்தைத் திரும்பத் திறக்க அந்த மொழியில் வழியே இல்லை.

இந்த சர்வரின் நிரலில் அந்த வரியை எழுதியவள் இவள்தான். பொத்தானை அழுத்திய பிறகு பத்து நிமிடம் பேச்சே வராவிட்டால், கை தவறி அழுத்திவிட்டார்கள் என்று சர்வர் எடுத்துக்கொள்ள வேண்டும். உடனே தன் பேசும் பக்கத்தை மூட வேண்டும். பட்டென்று முழுவதையும் அறுப்பது மரியாதை இல்லை, எதிர்ப்பக்கம் தானாக முடிக்கட்டும் என்று அதுவரை வருவதை வாங்கி வாங்கிக் கீழே போட வேண்டும். வாங்கு, வீசு. வாங்கு, வீசு. பெட்டியின் நிரலை எழுதியவரும் மரியாதைக்காரர். யாராவது பேசிக்கொண்டிருக்கும்வரை பெட்டி இணைப்பை மூடாது. சொன்ன ஒவ்வொரு சொல்லும் போய்ச் சேர்ந்ததற்கு அடையாளமாக அதன் பச்சை விளக்கு ஒரு முறை மினுங்கும். இரண்டு பக்கமும் இப்படி மரியாதையாக நடந்துகொண்டதில் நடுவே ஒருத்தி செத்துப்போனாள்.

சின்னவளுக்கு மூச்சிரைப்பு உண்டு. அம்மாவோடு சண்டை போட்டுக்கொண்டு தனியாக வீடெடுத்துப் போனபோது, "நான் எழுதினதுடி, நம்பி வெச்சுக்கோ" என்று பெட்டியைக் கொண்டுபோய்க் கட்டில் பக்கத்தில் வைத்தவள் பெரியவள். அன்றைக்குப் பொத்தானை அழுத்திவிட்டு சின்னவள் மருந்தைத் தேடி அடுத்த அறைக்குப் போயிருக்க வேண்டும். திரும்பி வரப் பத்து நிமிடம் தாண்டிவிட்டது. பிறகு நாற்பது நிமிடம் பேசியிருக்கிறாள். விளக்கு நாற்பது நிமிடமும் மினுங்கியிருக்கிறது. கேட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்று நம்பித்தான் வேறு யாரையும் அவள் கூப்பிடவில்லை.

நாற்பது நிமிடப் பேச்சு வாங்கி வீசப்பட்டது என்ற குறிப்பைப் பெரியவள் அடுத்த நாளே சர்வரில் பார்த்தாள். குறிப்பை அழித்தாள். நிரலைத் திருத்தினாள். காதும் காதும் வைத்தாற்போல் முடிந்தது. அம்மாவிடம்கூடச் சொல்லவில்லை. அம்மாவிடம்தான் சொல்லியிருக்க வேண்டும்.

இப்போது நிரலை நிறுத்தித் திரும்ப ஓடவிட்டாள். பட்டியல் துடைத்துப் போட்டதுபோல் காலியானது. 'அப்பாடா' என்று நாற்காலியில் சாய்ந்து, ஆறிப்போன டீயை எடுத்து உதட்டில் வைப்பதற்குள் நாற்பத்தேழு திரும்ப வந்து உட்கார்ந்திருந்தது.

வரியின் கடைசிக் கட்டத்தில், வாங்கி வீசியவற்றின் எண்ணிக்கை ஏறிக்கொண்டிருந்தது. ஒரே சீராக ஏறவில்லை. கொஞ்சம் ஏறும், நிற்கும். திரும்ப ஏறும், நிற்கும். அவள் இருபது வருடமாக இப்படிப்பட்ட எண்களைப் பார்த்து வருகிறவள்; எதில் பாட்டு போகிறது, எதில் படம் போகிறது என்று ஏறும் விதத்தை வைத்தே சொல்லிவிடுவாள். இது ஒருவர் ஏதோ கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்கும் விதம்.

கைப்பேசி அதிர்ந்தபோது அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அம்மா.

"பெரியவளே, சாப்பிட்டியா?"

"ஆச்சும்மா. வேலையா இருக்கேன்."

"அந்தப் பெட்டியத் தூக்கிப் போட்டுட்டியா?"

"இன்னும் இல்ல."

அடுத்து என்ன வரும் என்று பெரியவளுக்குத் தெரியும். ஞாயிறு தவறாமல் வருகிற கேள்விதான் அது.

"அதுல ஒண்ணுமே இல்லையாடி? கடைசியா எங்கிட்டச் சொல்லச் சொல்லி ஒரு வார்த்தை, ஏதாவது..."

"எத்தன தடவம்மா கேப்ப? ஒண்ணும் பதிவாகல. அவ பேசவே இல்ல."

"சரி விடு. அஞ்சு மாசம் எங்கிட்டப் பேசல. கடைசிலயும் பேசாமயே போயிட்டா. அவ்வளவு கோவம்."

வைத்துவிட்டாள். திரையில் எண்ணிக்கை ஏறிற்று, நின்றது, ஏறிற்று. பெரியவளுக்குத் தன் மேலேயே அருவருப்பாக இருந்தது.

நிரலைத் திறந்து பார்த்தாள். எட்டு மாதத்துக்கு முன்பு அவள் கையாலேயே அழித்த வரிகள் அதே இடத்தில் இருந்தன. ஷட்டவுன், ஒன்று. கீழே வாங்கி வீசும் வரிகள். அவற்றுக்கு மேலே, அப்போது வேலை சுலபமாக முடிந்த பெருமையில் அவள் எழுதி வைத்த குறிப்பு: 'இதற்குப் பிறகு வருவது எதுவும் தேவையில்லை.'

உடனே எழுந்து வீட்டுக்குப் போயிருக்கலாம். கால் வரவில்லை. வீசு என்ற இடத்தை அழித்துவிட்டு, வருவதைச் சேமித்துக்கொண்டே திரைக்குப் பக்கத்திலிருந்த ஒலிபெருக்கிக்கும் அனுப்பு என்று எழுதினாள். ஓடவிட்டாள். மணி ஐந்தே கால்.

முதலில் வெறும் இரைச்சல். இரைச்சலுக்குள் ஒரு மின்விசிறி, ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு முறை 'டிக்' என்று தட்டியது. அந்த விசிறியை அவளுக்குத் தெரியும். ஆள் வைத்துச் சரிபண்ணச் சொல்லி எத்தனையோ முறை திட்டியிருக்கிறாள். பிறகு கட்டில் முனகியது. பிறகு மூச்சு. இழுக்கும்போது மெல்லிய விசில் போல ஒரு சத்தம், விடும்போது இன்னும் மெல்லிதாக.

"அக்கா."

பெரியவள் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"உங்க ஆபீஸ்ல யாருமே பேச மாட்டேங்கறாங்கக்கா. ஆனா லைட்டு மினுங்குது. மினுங்கினா கேக்குதுன்னு நீதான சொன்ன. அப்ப கேக்குது."

மூச்சு. விசிறியின் 'டிக்'. எதிர்பார்க்கும் ஒரு இடைவெளி. பெரியவள் மேசையிலிருந்த மைக்கை இழுத்து வாயருகே வைத்து, "சின்னு! கேக்குதுடி! நான் இருக்கேன்!" என்றாள். திரையில் ஒரு சிவப்பு வரி விழுந்தது. இந்தப் பக்கம் மூடப்பட்டது, அனுப்ப இயலாது. இன்னொரு முறை கத்தினாள். இன்னொரு சிவப்பு வரி. இணைப்பை அறுத்துப் புதிதாகப் போடலாம் என்று கை பொத்தானுக்குப் போனது. அறுத்தால் வருவதும் அறுந்துவிடும். கையை இழுத்துக்கொண்டாள்.

"மருந்து தீர்ந்துபோச்சுக்கா. ரெண்டு ரூம்லயும் தேடிட்டேன். யாரையாவது அனுப்பு. அவசரமில்ல. கொஞ்சம் அவசரம்தான்." சிரிக்கப் பார்த்து இருமினாள். இருமல் நிற்க நெடுநேரமானது. "நீ பேசாட்டியும் பரவால்ல. கேட்டுட்டே இரு."

பெரியவள் கேட்டாள். அதைத் தவிர அவளால் ஆவது ஒன்றுமில்லை. வாசல் கதவைத் திறக்க மாற்றுச் சாவி எங்கே இருக்கிறது என்று சின்னவள் சொன்னாள். வாசலில் செருப்புச் சத்தம் கேட்பதுபோல் இருக்கிறது, நீங்கள் அனுப்பிய ஆளா என்று கேட்டாள். ஆள் இல்லை. விளக்கு மினுங்குவதை ஒவ்வொரு முறையும் சொன்னாள். ஒவ்வொரு முறையும் அவள் குரலில் கொஞ்சம் தெம்பு வந்தது. அந்தத் தெம்பைத்தான் பெரியவளால் தாங்க முடியவில்லை.

ஐந்து ஐம்பதுக்குப் பேச்சு துண்டு துண்டாக வந்தது.

"அம்மாகிட்ட சொல்லு. கோவமெல்லாம்... இல்லன்னு சொல்லு. ஞாயித்துக்கிழமை... வர்றதாதான் இருந்தேன். துணியெல்லாம்... மடிச்சு வெச்சுட்டேன்."

'டிக்.' 'டிக்.'

"சொல்லுவியா?"

"சொல்றேன்," என்றாள் பெரியவள், கண்ணீரோடு, மைக்குகூட இல்லாமல். "சொல்றேண்டி. எல்லாத்தையும் சொல்றேன்."

விசிறி நின்றது. அதன் பிறகு வந்த குரலில் மூச்சிரைப்பு இல்லை. மிகத் தெளிவாக, மிக அருகில் வந்தது.

"சரிக்கா. நான் பேசி முடிச்சுட்டேன். இனி நீ பேசு."

எண்ணிக்கை நின்றது. எதிர்ப்பக்கமும் முறைப்படி மூடிக்கொண்டது. நாற்பத்தேழு மறைந்தது. பட்டியலில் ஒன்றுமில்லை.

பெரியவள் மேசையில் தலையைச் சாய்த்துக் குலுங்கிக் குலுங்கி அழுதாள். பயத்துக்கு நடுவிலும் மனசு லேசானது. குரல் பதிவாகியிருக்கிறது. அம்மாவிடம் கொடுத்துவிடலாம். நடந்ததைச் சொல்லிவிடலாம். அடித்தால் அடிக்கட்டும், முகத்தில் விழிக்காதே என்று சொன்னால் சொல்லட்டும். எட்டு மாதத்தில் முதல் முறையாக அந்தத் தைரியம் வந்தது. கைப்பேசியை எடுத்தாள்.

வராந்தாவின் அந்தக் கோடியிலிருந்து செக்யூரிட்டியின் குரல் கேட்டது.

"மேடம்! இருக்கீங்களா?"

"இருக்கேன் அண்ணா! ரெண்டே நிமிஷம்!"

"மேடம்?"

"இருக்கேன்னு சொல்றேன்ல!"

சாவிக்கொத்து குலுங்கியது. "கெளம்பிட்டாங்க போல," என்று அவர் தனக்குள் சொல்லிக்கொண்டது அவ்வளவு தூரத்திலிருந்தும் துல்லியமாகக் கேட்டது.

மெயின் இறங்கியது.

திரை அணைந்தது. சர்வர் பெருமூச்சுபோல் இறங்கி அடங்கியது. ஏசி கடகடத்து ஓய்ந்தது. இருட்டு. அப்படி ஒரு நிசப்தத்தை அந்த அறையில் அவள் கேட்டதில்லை.

"அண்ணா!" என்றாள்.

நிசப்தம் அப்படியே இருந்தது.

தொண்டை அதிர்ந்தது. நாக்கு அசைந்தது. சத்தம் வரவில்லை. இவ்வளவு நேரம் குலுங்கி அழுததிலும் சத்தம் இருந்ததா? ஏசி இரைச்சலில் கவனிக்கவில்லை. மேசையைக் கையால் அறைந்தாள். கை வலித்தது. சத்தம் இல்லை. நாற்காலியைத் தள்ளினாள். விழுந்தது. சத்தம் இல்லை.

ஓடினாள். வராந்தாவில் அவளுடைய செருப்புக்குச் சத்தம் இல்லை. முன்பக்கத்தில் தகர ஷட்டர் இறங்குகிற சத்தம் மட்டும் மாடியையே உலுக்கிக்கொண்டு கேட்டது. அவள் போய்ச் சேர்ந்தபோது தரையில் கடைசி ஒரு கோடு வெளிச்சம். அதுவும் போனது. தகரத்தை இரண்டு முஷ்டியாலும் குத்தினாள். உதைத்தாள். கூரையே இடிந்து விழுவதுபோல் அதிர வேண்டிய தகரம். துணியைக் குத்தியதுபோல் இருந்தது. அந்தப் பக்கம் பூட்டு விழுவது கேட்டது. அவர் ஏதோ பாட்டை முணுமுணுப்பது கேட்டது. லிஃப்ட் கதவு. லிஃப்ட் இறங்குவது. எல்லாம் கேட்டது. அவள் பேசும் பக்கம்தான் மூடியிருந்தது.

அம்மாவின் எண்ணை அழுத்தினாள். மணி அடித்தது. அம்மா எடுத்தாள்.

"சொல்லு பெரியவளே."

"அம்மா, அவ பேசினாம்மா. நாப்பது நிமிஷம் பேசினா. கோவமில்லன்னு சொல்லச் சொன்னா. நான்தாம்மா..."

"ஹலோ?"

"அம்மா!"

"ஹலோ? பேசுடி. லைன் நல்லாத்தானே இருக்கு."

கத்தினாள். கழுத்து நரம்பு புடைக்கக் கத்தினாள். காதில் அம்மாவின் மூச்சு கேட்டது, பின்னால் குழாயில் தண்ணீர் சொட்டுவது கேட்டது, அம்மா கைப்பேசியைக் காதுக்குக் காது மாற்றும் உரசல்கூடக் கேட்டது. எழுதி அனுப்பலாம் என்று தட்டினாள். 'போய்க்கொண்டிருக்கிறது' என்று சுற்றிக்கொண்டே இருந்தது.

"எம்மேல கோவமா? அந்தப் பெட்டியப் பத்திக் கேட்டதுக்கா?" அம்மாவின் குரல் உடைந்தது. "இனிமே கேக்கல. சரியா? பேசு."

அம்மா காத்திருந்தாள். ரொம்ப நேரம் காத்திருந்தாள்.

"நீயும் பேச மாட்ட. அப்படித்தானே?"

வைத்துவிட்டாள். திரும்பக் கூப்பிட்டாள் பெரியவள். திரும்ப. திரும்ப. ஐந்தாவது முறை அம்மா எடுக்கவில்லை.

சுவரைத் தடவிக்கொண்டு சர்வர் அறைக்கே திரும்பி வந்தாள். ஏன் வந்தாள் என்று அவளுக்கே தெரியவில்லை. சர்வர் செத்துக் கிடந்தது. அதன் மேல் ஒரு பொட்டு வெளிச்சம்கூட இல்லை. மேசைக்குக் கீழே மட்டும், கைப்பையின் துணி வழியாக, பச்சையாக ஏதோ தெரிந்தது.

எடுத்தாள். வயர் சுற்றியபடியே இருந்தது. விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

"அம்மா," என்றாள், சத்தமில்லாமல்.

விளக்கு ஒரு முறை மினுங்கியது.

மடியில் வைத்துக்கொண்டாள். "கோவமில்லையாம்." மினுங்கியது. "வர்றதாதான் இருந்தாளாம்." மினுங்கியது. ஒவ்வொரு சொல்லும் எங்கேயோ போய்ச் சேர்ந்தது. சேர்ந்ததும் அங்கே அதை என்ன செய்வார்கள் என்று அவளுக்குத் தெரியும். அவளே எழுதியதுதான். வாங்கு, வீசு.

இருட்டில் பச்சை விளக்கு விட்டு விட்டு மினுங்கிக்கொண்டே இருந்தது. அவள் நிறுத்தாமல் பேசிக்கொண்டிருந்தாள்.